வீடு கூட்டும் பொம்மை

திருகோணமலையிலே கடலை அண்டிக் குடியிருப்போர் யாவருக்கும் மணலோடு ஒரு தீராத வழக்கு உண்டு. கச்சான் காற்று வீசும் மாதங்களிலே தரைப்புழுதி சன்னல் வழியாகவும் கதவிடுக்கு வழியாகவும் வந்து, மேசையிலும் கதிரையிலும் மாவைத் தூவினாற்போலப் படிந்துவிடும். அக்காற்று ஓய்ந்து வாடை எழுந்தாலோ, கடல்மணலும் ஈரமும் சேர்ந்து பிள்ளைகளின் கால்களில் ஒட்டிக்கொண்டு விறாந்தையைக் கடந்து படுக்கையறை வரைக்கும் வந்து சேரும். காலையிற் கூட்டிய வீடு மதியத்திற் கூட்டாத வீடாகிவிடுகிறது. தும்புத்தடியும் ஈர்க்குவிளக்குமாறும் கையிலெடுத்து இவ்வழக்கை நாள்தோறும் நடத்துபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்களே என்பதை நான் சொல்லித்தான் நேயர்கள் அறியவேண்டும் என்பதில்லை.

எங்கள் வீட்டிலே அந்தப் பொறுப்பு என் தமக்கையாருடையது. அவருக்குத் தொய்வு நோய் உண்டு. தும்புத்தடி தரையைத் தொட்டவுடன் மணல் ஒரு பக்கமாக ஒதுங்கும். அதனோடு கலந்திருக்கும் நுண்ணிய தூசியோ மேலெழுந்து மூக்குக்கு நேரே நிற்கும். கூட்டி முடித்தபின் அரைமணி நேரம் கதிரையில் அமர்ந்து மூச்சை வாங்கி வாங்கி விடுவார். இந்தக் காட்சியைப் பல ஆண்டுகள் கண்டபின்னர்தான், பரணிற் கிடந்த ஒரு பழைய விளையாட்டு இயந்திர மனிதனைக் கீழே இறக்கி, இதனை வீடு கூட்டும் கருவியாக மாற்றினால் என்ன என்று எண்ணினேன். கடைகளிலே இன்று தானியங்கித் தூசு உறிஞ்சிகள் விற்கப்படுகின்றன, பணமுள்ளவர் வாங்கிக்கொள்ளலாம். ஆயினும் ஒரு பொருளை வாங்குவதும் அதன் உட்கருத்தை அறிவதும் வேறு வேறு. பின்னதைப் பற்றியதே இப்பேச்சு.

'றோபோ' என்னும் சொல்லிலிருந்தே தொடங்கலாம். செக் நாட்டு எழுத்தாளர் காரல் சாப்பெக் 1920-இல் வெளியிட்ட ஒரு நாடகத்தின் வாயிலாக அது உலகுக்கு அறிமுகமாயிற்று. சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அவருடைய தமையனாராகிய ஓவியர் யோசெப் சாப்பெக். செக் மொழியிலே 'றொபோட்டா' என்பது கட்டாய ஊழியம். நம் நாட்டிலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் முப்பதுகளில் ஒழிக்கப்பட்ட இராசகாரியத்தை நினைத்துக்கொண்டால் அச்சொல்லின் கசப்பு நமக்கு எளிதில் விளங்கும். கூலியின்றி, முறையீடின்றி, பிறர்க்காகச் செய்யும் வேலை. வீடு கூட்டுதலுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை நேயர்கள் தாமே கண்டுகொள்வார்கள்.

தூசு உறிஞ்சும் கருவி அதற்கும் முந்தியது. 1901-ஆம் ஆண்டு இலண்டனிலே ஹியூபேர்ட் செசில் பூத் என்னும் பொறியியலாளர், காற்றை ஊதித் தூசியை விரட்டும் ஒரு பொறியைப் பார்வையிட்டார். ஊதினால் தூசி இடம் மாறுமேயன்றி வீட்டைவிட்டு வெளியேறாது என்பதை அவர் கண்டார். உணவுச்சாலையொன்றின் கதிரை மெத்தைமீது கைக்குட்டையை விரித்து, அதன்மேல் வாயை வைத்துக் காற்றை உள்ளிழுத்தார். கைக்குட்டையின் அடிப்புறத்திலே அழுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. துணி காற்றை விடும், தூசியை விடாது என்ற இந்தச் சிறு சோதனையின் மேலேதான் அவருடைய பொறி எழுந்தது. அது குதிரைவண்டியில் ஏற்றித் தெருவில் நிறுத்தப்பட்டது. நீண்ட குழாய்கள் சன்னல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தன. 1902-இல் ஏழாம் எட்வேட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்தின் கம்பளங்களைத் துப்புரவாக்கியதும் அதுவே.

குதிரைவண்டி வைத்திருக்க இயலாத ஒரு துப்புரவுத் தொழிலாளர்தான் அதனை வீட்டுக்குரிய கருவியாக்கினார். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துக் கன்ரன் நகரிலே, ஒரு பெருங்கடையைக் கூட்டித் துப்புரவாக்கும் வேலை பார்த்தவர் ஜேம்ஸ் மரி ஸ்பாங்லர். அவருக்கும் தொய்வு நோய் உண்டு. கம்பளம் கூட்டும்போது எழும் தூசி அவருடைய மூச்சைத் திணறடித்தது. 1907-ஆம் ஆண்டளவில் அவர் ஒரு மின்விசிறியின் மோட்டரையும் ஒரு பெட்டியையும் ஒரு துடைப்பத்தின் கைப்பிடியையும் தலையணை உறையொன்றையும் சேர்த்துப் பொருத்தி, தமக்கென ஒரு கருவியைச் செய்துகொண்டார். அதற்கு 1908-இல் காப்புரிமை பெற்றார். தோற்பொருள் வணிகராகிய ஹூவர் என்பவர் அவ்வுரிமையை வாங்கினார். கருவியின் பெயராக உலகில் நிலைத்தது வாங்கியவரின் பெயர், செய்தவரின் பெயரன்று. எவ்வாறாயினும், தலையணை உறையும் துடைப்பக் கைப்பிடியும் கொண்டு வீட்டிலே செய்யப்பட்ட ஒன்றுதான் இக்கருவியின் மூதாதை என்பது பரண்மீது ஏறுகின்றவனுக்கு ஊக்கமளிக்கும் செய்தி.

இனிப் பொம்மைக்கு வருவோம்.

1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 9-ஆந் திகதி யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின் மீதும் சீனக்குடா விமானத்தளத்தின் மீதும் குண்டு வீசின. போரில் யப்பான் தோற்றது, நகரங்கள் சாம்பலாயின. அந்நிலையிலே அந்நாட்டுத் தொழிலாளர், ஆக்கிரமிப்புப் படையினர் உண்டு எறிந்த உணவுத் தகரங்களைக் கழுவி, தட்டி நிமிர்த்தி, அவற்றிலிருந்து விளையாட்டு ஜீப்புகளைச் செய்து விற்றார்கள். சில ஆண்டுகளுக்குள் அப்பட்டறைகளிலிருந்து தகரத்தாலான இயந்திர மனிதர்கள் வெளிவரத் தொடங்கினர். முதலில் முறுக்குச் சாவியாலும், பின்னர் பற்றரியாலும் இயங்கிய அவை 1950-களிலும் 1960-களிலும் உலகெங்கும் ஏற்றுமதியாயின.

அப்பொம்மைகளுள் ஒருவகைக்கு, சுவரில் முட்டினால் தானே திரும்பிக்கொள்ளும் வித்தை தெரியும். அதனுள்ளே கண்ணுமில்லை, மூளையுமில்லை. கவிழ்த்துப் பார்த்தால் இரகசியம் வெளிப்படும். ஓட்டும் சில்லு உடலோடு இறுகப் பொருத்தப்படாமல், சுழலக்கூடிய ஒரு தட்டின்மீது பொருத்தப்பட்டிருக்கும். தடையின்றிச் செல்லும்போது தட்டு ஒரே நிலையில் நிற்க, சில்லு பொம்மையை முன்னே கொண்டுசெல்லும். சுவர் குறுக்கிட்டதும் பொம்மை முன்னேற முடியாது, மோட்டரோ நிற்பதில்லை. அந்த விசைக்கு ஒரு வழி வேண்டுமே! அது தட்டைச் சுழற்றிவிடுகிறது. சில்லு வேறு திசையை நோக்கியதும் தடை நீங்க, பொம்மை அத்திசையிலே புறப்பட்டுவிடுகிறது. மேசை விளிம்பிலிருந்து விழாத பொம்மைகளும் இருந்தன. அவற்றின் வயிற்றடியிலே குறுக்காக ஒரு சிறு சில்லு, தரையைத் தொடாமல் மயிரிழை உயரத்தில் சுழன்றுகொண்டிருக்கும். முன்சில்லு விளிம்பைத் தாண்டித் தாழ்ந்தவுடன் இக்குறுக்குச் சில்லு மேசையைத் தொட்டுப் பொம்மையைப் பக்கவாட்டில் இழுத்துத் திருப்பிவிடும். இத்தனை எளிமையான ஒன்றுக்கு இத்தனை அறிவுடைய தோற்றம் அமைந்ததை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

அடுத்த தலைமுறைப் பொம்மை வேறு வகையானது. 1984-இல் யப்பானின் டோமி நிறுவனம் 'ஒம்னிபொட்' என்னும் பிளாஸ்ரிக் இயந்திர மனிதனை விற்பனைக்கு விட்டது. அதன் மார்பிலே ஒலிநாடாப் பெட்டி ஒன்று இருந்தது. தொலைவிலிருந்து இயக்கும் கைப்பெட்டியால் அதனை முன்னே, பின்னே, வலமே, இடமே என்று நடத்தும்போது அக்கட்டளைகளை ஒலிக்குறிகளாக நாடாவிலே பதிவுசெய்யலாம். பின்னர் நாடாவை ஓடவிட்டால் பொம்மை அதே நடையைத் தானே நடந்துகாட்டும். கையிலே ஒரு தட்டை ஏந்தி, குறித்த நேரத்திலே படுக்கையருகே வந்து நிற்கும்படியும் அதனைப் பழக்கலாம்.

இதனைக் கேட்டவுடன், அறை முழுவதும் ஒருமுறை நடத்திப் பதிவுசெய்துவிட்டால் நாள்தோறும் கூட்டுமே என்று தோன்றும். எனக்கும் அவ்வாறே தோன்றியது. ஆனால் நாடாவுக்கு அறை தெரியாது. எவ்வளவு நேரம் எந்தச் சில்லு சுழலவேண்டும் என்பது மாத்திரமே தெரியும். திரும்பும்போது ஒரேயொரு பாகை பிழைத்தால், 3 மீற்றர் தூரம் சென்றபின் பொம்மை தான் நிற்கவேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் விலகி நிற்கும். அடுத்த திருப்பத்தின் பிழை அதனோடு கூடும். அதற்கடுத்தது அதனோடும் கூடும். பற்றரி சற்றுத் தளர்ந்திருந்தால் சில்லு மெதுவாகச் சுழலும். தரையில் மணல் கிடந்தால் வழுக்கும். கூட்டவேண்டிய மணலே கூட்டுபவனை வழி தவறச் செய்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு திருப்பங்களுக்குப் பின்னர் பொம்மை கதிரைக் காலை முட்டித் தள்ளிக்கொண்டு, தான் வாசலை நோக்கிப் போவதாக எண்ணிக்கொண்டிருக்கும்.

ஆகவே தகரப் பொம்மைக்கு உணர்வு உண்டு, நினைவு இல்லை. ஒலிநாடாப் பொம்மைக்கு நினைவு உண்டு, உணர்வு இல்லை. வீடு கூட்ட எது வேண்டும்? நினைவே என்றுதான் நம்முட் பலர் சொல்லுவோம். உண்மை அதற்கு மாறானது.

இங்கிலாந்தின் பிரிஸ்ரல் நகரிலே மூளையை ஆராய்ந்த கிரே வோல்ரர் என்னும் அறிஞர், 1948, 1949-ஆம் ஆண்டுகளில் ஆமை வடிவான இரு சிறு பொறிகளைச் செய்தார். எல்மர், எல்சி என்பன அவற்றின் பெயர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வானொலி வால்வுகள், ஒளியை உணரும் ஒரு கண், ஓடு எதிலேனும் முட்டினால் இணையும் ஒரு மின்தொடுப்பு ஆகியவையே இருந்தன. இவ்வளவைக் கொண்டே அவை ஒளியைத் தேடிச் சென்றன. தடையை விலகிச் சென்றன. பார்த்தவர்கள் உயிருள்ளவை என மயங்கினர். வோல்ரர் இவற்றைப் பற்றி எழுதிய நூலை அவுஸ்திரேலியாவின் அடிலெயிட் நகரிலே ஒரு பையன் படித்தான். தானும் வீட்டிலே ஒன்று செய்யவேண்டும் என்று முனைந்து, செய்தும் காட்டினான். அப்பையனே பிற்காலத்தில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியராகிய றொட்னி புறூக்ஸ். அவரும் இருவரும் 1990-இல் தொடங்கிய ஐறோபோ நிறுவனந்தான் 2002-ஆம் ஆண்டு செத்தெம்பர் மாதத்திலே 'ரூம்பா' என்னும் தட்டையான தூசு உறிஞ்சியை 199 டொலர் விலைக்குச் சந்தைக்கு விட்டது. அதற்கு முந்திய ஆண்டு சுவீடனின் எலெக்ற்றோலக்ஸ் நிறுவனம், செவிக்கெட்டா ஒலியால் வழியறியும் 'ற்றைலோபைற்' என்பதை விற்கத் தொடங்கியிருந்தது. அதன் விலையோ மிக உயர்ந்தது.

முதல் ரூம்பாவிடம் அறையின் வரைபடம் கிடையாது. சுருள்வட்டமாக ஓடும், சுவரோரமாகச் சிறிது செல்லும், முட்டினால் திரும்பி வேறொரு திசையில் நேரே போகும். ஓரிடத்தையே மூன்று முறை கூட்டும், இன்னோரிடத்தை நெடுநேரம் கவனியாது விடும். எனினும் போதிய நேரம் கொடுத்தால் தரையின் பெரும்பகுதியைத் தொட்டுவிடும். ஒரு மனிதர் இவ்வாறு கூட்டினால் நமக்குப் பொறுக்காது. இயந்திரத்துக்கோ முதுகு வலிப்பதில்லை. ஆதலால் வீண்நடை அதற்கு ஒரு குற்றமன்று. தகரப் பொம்மையின் பழைய வித்தையே அரை நூற்றாண்டின் பின் வீட்டு வேலைக்கு வந்தது என்று நான் கொள்கிறேன். இன்றைய உயர்ந்த வகைகள் ஒளிக்கதிராலும் படக்கருவியாலும் வரைபடம் வரைந்து ஒழுங்காகவே கூட்டுகின்றன. அவற்றிலுங்கூட, முட்டினால் அமுங்கும் முன்தட்டு நீக்கப்படவில்லை.

பொம்மையை மாற்ற முற்படுவோருக்கு முதலில் ஒரு வேண்டுகோள். பழுதின்றி இயங்கும் பழம்பொம்மையை, அதிலும் வண்ணப்பூச்சும் அட்டைப்பெட்டியும் குலையாதிருக்கும் தகரப் பொம்மையை, தயவுசெய்து துளைக்காதீர்கள். அவற்றைத் தேடிச் சேர்ப்போர் உலகெங்கும் உளர். ஒருமுறை துளைத்த தகரம் மீளாது. உள்ளே பற்றரி கசிந்து பாழானதும், கையோ தலையோ இழந்ததுமான ஒன்றே நம் வேலைக்குரியது. கசிவு வெண்மையான பொடியாகக் காணப்படும். சாதாரண அல்கலைன் பற்றரியினதாயின் சிறிது வினாகிரியில் நனைத்த பஞ்சினால் அதனைத் துடைத்து எடுக்கலாம்; கையுறை அணிந்துகொள்வது நன்று. நம்மூரிலே உப்புக்காற்றினாற் செப்புக் கம்பிகள் பச்சை பூத்திருக்கும். அவ்வாறான கம்பியின் மீது பற்றாசு ஒட்டாது. பச்சை முடியும் இடம்வரை வெட்டி எறிந்துவிட்டுப் புதுக் கம்பி போடுவதே சிக்கனம்.

நிமிர்ந்து நிற்கும் மனித வடிவம் இந்த வேலைக்கு ஏற்றதன்று என்பதையும் ஒளியாமற் சொல்லிவிடுகிறேன். தூசி அதிகம் சேரும் இடம் கட்டிலின் அடியும் அலுமாரியின் அடியுமே. கடையில் விற்கும் கருவிகள் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குள் அடங்குவதன் காரணம் அதுதான். உயர்ந்த உடல் கட்டிலின் கீழ் நுழையாது; கால்மிதியின் விளிம்பில் தடுக்கினாற் குப்புற விழும். நமக்கு வேண்டியது பொம்மையின் இடுப்புக்குக் கீழ்ப்பட்ட பகுதி மட்டுமே. இரு சில்லுகளுக்கும் தனித்தனி மோட்டர் இருந்தால் மிக நன்று. இரண்டும் ஒருங்கே முன்னோக்கிச் சுழன்றால் நேர்நடை. ஒன்று முன்னும் மற்றொன்று பின்னும் சுழன்றால் நின்ற இடத்திலேயே திருப்பம். முன்புறத்திலே வளைந்த பிளாஸ்ரிக் தகடொன்றைச் சுருள்வில்லின்மேல் பொருத்தி, அதன் பின்னே இரண்டு சிறு சுவிச்சுகளை வைத்தால் ஆமையின் ஓடு கிடைத்துவிடுகிறது. வலப்பக்கச் சுவிச்சு அமுங்கினால் சிறிது பின்வாங்கி இடப்பக்கம் திரும்பவேண்டும். இடப்பக்கம் அமுங்கினால் வலப்பக்கம். மின்காந்த மாற்றிகள் சிலவற்றைக் கொண்டே இதனைச் செய்யலாம். இக்காலத்தில் சிறு கணிப்பொறிச் சில்லு பதித்த பலகைகள் மலிவாகக் கிடைப்பதால் இளைஞர் அவற்றையே நாடுவர், அதிலே தவறில்லை.

வானொலி நேயர்களுக்கென்றே ஒரு குறிப்பு. இச்சிறு மோட்டர்களினுள்ளே கரித்துண்டுகள் செப்பு வளையத்தை உரசும் ஒவ்வொரு கணமும் நுண்பொறி எழுகிறது. அப்பொறி ஒரு சிறு வானொலி நிலையமே. பொம்மை ஓடும்போது மத்திய அலை நிகழ்ச்சி கரகரத்தால் குற்றம் நிலையத்தினதன்று. மோட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 0.1 மைக்குரோபரட் கொள்ளளவியொன்றைப் பற்றவைத்தால் அந்த இரைச்சல் பெரும்பாலும் அடங்கும்.

இனி உறிஞ்சுதல். உறிஞ்சும் கருவி தூசியை இழுக்கிறது என்று சொல்வது பேச்சுவழக்கு. உள்ளே விசிறி காற்றை வெளியேற்றுவதால் அங்கே அழுத்தம் குறைகிறது. வெளியிலுள்ள வளிமண்டலம் காற்றைத் துவாரத்தினூடே உள்ளே தள்ளுகிறது. அக்காற்றின் வேகமே தூசியைத் தூக்கிச் செல்கிறது. ஆகவே நாம் தேடவேண்டியது வேகம். விநாடிக்கு 10 லீற்றர் காற்றை நகர்த்தும் ஒரு விசிறி இருப்பதாகக் கொள்வோம். வாயின் அகலம் 15 சென்ரிமீற்றர், தரையிலிருந்து அதன் இடைவெளி 2 சென்ரிமீற்றர் ஆயின் காற்றின் வேகம் விநாடிக்கு 3 மீற்றர் அளவே. கடல்மணலின் பருமணி அசைய மறுக்கும். இடைவெளியை அரைச் சென்ரிமீற்றராகக் குறைத்தால் கணக்கின்படி வேகம் 13 மீற்றராக உயர்கிறது. இடுக்கு ஒடுங்க ஒடுங்க விசிறி நகர்த்தும் காற்றும் குறையுமாதலால் முழுப்பயனும் கிட்டாதுதான், கிட்டுவதே பெரிது. பலர் பெரிய மோட்டரைத் தேடி அலைவார்கள். வாயைத் தாழ்த்துவதற்குச் செலவில்லை.

மணலுக்குக் காற்று மட்டும் போதாது. தூசி காற்றின் பிள்ளை. மணலோ நிலத்தின் பிள்ளை. அதனைத் தரையிலிருந்து பெயர்த்துவிட ஒரு சுழல்தூரிகை வேண்டும். பழைய தும்புத்தடியின் தும்பை அறுத்து, ஓர் உருளையிலே சுருளாகப் பதித்து, தனி மோட்டரினாற் சுழற்றினால் அது மணியை உதைத்து வாயினுள்ளே எறியும். திருகோணமலையில் ஓடவேண்டிய கருவியிலே பாதி வேலை தூரிகையினுடையது என்பேன்.

உள்ளே சென்ற மணலை விசிறிக்கு எட்டவிடலாகாது. மணலின் பெரும்பகுதி படிகக்கல். பிளாஸ்ரிக் பற்சில்லுகளையும் விசிறியின் இதழ்களையும் அது அரம்போல் அராவிவிடும். இதற்கு ஒரு ஜாம் போத்தல் உதவும். காற்று போத்தலின் சுவரைத் தழுவிக்கொண்டு பக்கவாட்டில் நுழைந்து சுழன்று, நடுவிலுள்ள குழாய் வழியாக மேலே வெளியேறும்படி மூடியில் இரு துவாரங்கள் அமைக்கவேண்டும். தயிர் கடையும் பானையில் விளிம்போரமாக மோர் ஏறுவதுபோல, சுழற்சியிலே பாரமான மணல் சுவரோரமாக ஒதுங்கி அடியில் விழும். அதன் பின்னரும் தப்பிவரும் நுண்தூசிக்குத் துணிவடி வேண்டும். இவ்விடத்திற்றான் என் முதல் முயற்சி பிழைத்தது. பழைய நைலோன் காலுறையை வடியாகக் கட்டினேன். மணல் நின்றது, நுண்தூசி துணியைக் கடந்து பின்புறத்தால் புகையெனக் கிளம்பியது. தொய்வுக்காரருக்கு வேண்டாதது அந்தத் தூசியே. கண்ணுக்குத் தெரியும் மணலைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத தூசியை அறை முழுதும் விசிறும் கருவி, தும்புத்தடியிலும் கேடானது. பின்னர் கடையில் விற்கும் தூசு உறிஞ்சிக்குரிய மடிப்புத்தாள் வடியொன்றை வாங்கிப் பொருத்தினேன். செலவு செய்யவேண்டிய ஒரே இடம் இது என்று துணிந்து சொல்வேன்.

பற்றரியின் கணக்கு எளிது. 12 வோல்ற்று, 2 அம்பியர் மணி எனக் குறித்த பற்றரியில் 24 வாற்று மணி ஆற்றல் உண்டு. மோட்டர்காரிற் பயன்படும் கையுறிஞ்சியின் விசிறி 60 வாற்று கேட்குமானால் 24 நிமிடத்தில் அது தீர்ந்துவிடும். நடைமுறையில் அதற்கும் முன்னரே தீரும். விசிறி, தூரிகை, சில்லுகள் யாவும் சேர்ந்து 12 வாற்றுக்குள் அடங்கினால் இரண்டு மணி நேரத்தை அண்மிக்கலாம். வழி தெரியாமல் அலைந்து கூட்டும் கருவிக்கு வலிமையைவிட நேரமே முக்கியம். ஆதலால் சிறு விசிறியே சிறந்தது. பற்றரியின் நேர்முனையை அடுத்தாற்போல் ஓர் உருகி இருக்கவேண்டும். தூரிகையில் நூல் சிக்கி மோட்டர் நின்றுவிட்டால் மின்னோட்டம் பன்மடங்காகும். உருகி இல்லாவிடில் கம்பி உருகும். இலிதியம் கலங்களைப் பயன்படுத்துவோர் அவற்றுக்குரிய காப்புச்சுற்றும் உரிய மின்னேற்றியும் இன்றித் தொடலாகாது. துளைபட்டாலும் மிகை மின்னேற்றினாலும் அவை தீப்பற்றும். 230 வோல்ற்று வீட்டு மின்சாரத்தைக் கம்பியிழுத்துப் பொம்மைக்குள் விடுவதைப் பற்றிக் கனவிலும் எண்ணவேண்டாம்.

அயல்நாட்டுக் கருவியைச் செய்தவர்கள் எண்ணிப் பாராத சில ஆபத்துகள் நம் வீடுகளில் உண்டு. மாலையானதும் தரையிலே நுளம்புத்திரி கொளுத்திவைக்கிறோம். சுவாமியறையிலே குத்துவிளக்கு எரிகிறது. சாம்பிராணித் தட்டிலே தணல் கனன்றுகொண்டிருக்கிறது. இவற்றுள் ஒன்றைப் பொம்மை முட்டிக் கவிழ்த்தால், அல்லது ஒரு தீப்பொறியை உறிஞ்சிக்கொண்டால், உள்ளே காத்திருப்பது உலர்ந்த தூசும் தாளும் காற்றோட்டமும். அடுப்பு ஊதுவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு வேண்டியதில்லை. எனவே எங்கள் வீட்டில் அது பகலில் மட்டுமே ஓடும். சுவாமியறை வாசலில் குறுக்கே ஒரு பலகை கிடக்கும்.

விறாந்தைப் படி மற்றோர் ஆபத்து. முதல் வாரத்திலேயே பொம்மை படியைத் தாண்டி முற்றத்திலே விழுந்து ஒரு சில்லை முறித்துக்கொண்டது. அதன்பின் தகரப் பொம்மையின் பழைய பாடத்தை நினைவுகூர்ந்து, முன்புறத்திலே தரையைத் தொட்டு உருளும் ஒரு சிறு குண்டுச்சில்லைக் கீல்போட்டுத் தொங்கவிட்டேன். தரை இருக்குமட்டும் அது மேலே நிற்கும், தரை முடிந்ததும் கீழே தாழ்ந்து ஒரு சுவிச்சைத் திறந்துவிடும், பொம்மை பின்வாங்கும். கடைக்கருவிகளில் இவ்வேலையைச் செந்நிறக் கீழ்க்கதிர் செய்கிறது. கறுப்புத் தரையையும் பள்ளத்தையும் வேறுபிரித்தறியாமல் சிலவேளை மயங்குவது அக்கதிரின் குறை. குண்டுச்சில்லுக்கு அந்த மயக்கம் இல்லை.

இன்று எங்கள் கருவி கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாத ஒரு தட்டையான பெட்டி. தலையை எறிந்துவிட மனம் வராமல் அலுமாரியின் மேல் வைத்திருக்கிறோம். முன்னறையின் நடுப்பகுதியை அது நன்றாகவே கூட்டுகிறது. ஜாம் போத்தலிலே ஒருநாளில் சேரும் மணலைக் கண்டு அயலவர் நம்ப மறுத்ததுண்டு. கட்டிலின் அடியிற் புகுந்து வெளிவருகிறது. கதிரைக் கால்களுக்கிடையே அகப்பட்டால் கால்மணி நேரம் முட்டி முட்டி நிற்கும்; யாராவது சென்று விடுவிக்கவேண்டும். ஈர மணலைக் கண்டாலோ அதற்கு ஆகாது, தூரிகை சேறாகிவிடும். ஆதலால் வாடைக்கால மழைநாட்களில் அதற்கு ஓய்வு. வட்டமான கருவி எதற்கும் மூலை எட்டாது, எங்களுடையதற்கும் எட்டவில்லை.

தமக்கையார் அது ஓடும் நேரத்தில் விறாந்தையில் அமர்ந்து பத்திரிகை படிக்கிறார். கூட்டி முடித்தபின் மூச்சு வாங்கும் அந்த அரைமணி நேரம் இப்போது பெரும்பாலான நாட்களில் இல்லை. போன கிழமை நான் போத்தலைக் கழற்றி மணலை முற்றத்திற் கொட்டிக்கொண்டிருந்தபோது, அவர் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். "தம்பி, உன்ர பொம்மை நாலு மூலையையும் எனக்கெண்டு விட்டிட்டுப் போட்டுது" என்றார். நாலு மூலையையும் கூட்ட அவருக்கு ஐந்து நிமிடம் சென்றது.